சைரனுக்கும் பிரேக் உண்டு

வண்டிக்கு பிரேக் உண்டு என்று சொன்னால் எவனும் கேள்வி கேட்பதில்லை. சைரனுக்கு பிரேக் உண்டு என்று சொன்னால் சிரிக்கிறார்கள். எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியாரே ஒருமுறை, "சத்தத்துக்கு எப்படிப்பா பிரேக் போடுவே?" என்று கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்குச் சுர்ரென்று வந்தது. சாமியாராயிற்றே என்று அடக்கிக்கொண்டேன். வேறு யாராவது சிரித்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன்.

இப்போது ஆம்புலன்சில் வருவதெல்லாம் ஸ்பீக்கர் சைரன். சுவிட்சைத் தட்டினால் கத்தும், திரும்பத் தட்டினால் வாயை மூடிக்கொள்ளும். நான் ஓட்டியது அப்படிப்பட்ட வண்டி இல்லை. எண்ணூர் சாலையில் ஒரு எண்ணெய்க் கிடங்கு. அதற்குச் சொந்தமான தீயணைப்பு வண்டி. பழைய வண்டி, அதன் முன் பம்பரில் ஒரு குடத்தின் அளவுக்கு இரும்பு சைரன். கன்டெய்னர் லாரிக்காரர்கள் ஸ்பீக்கர் சத்தத்துக்கெல்லாம் அசைய மாட்டார்கள் என்பதால் கிடங்கில் இதை மட்டும் மாற்றாமல் வைத்திருந்தார்கள்.

அதன் உள்ளே ஒரு சக்கரம், அதைச் சுற்றி ஓட்டை போட்ட கூடு. மோட்டார் சக்கரத்தைச் சுழற்றியதும் அது முன்வாய் வழியாகக் காற்றை இழுத்து, ஓட்டைகள் வழியாகத் துண்டு துண்டாக வெட்டி வெளியே தள்ளும். வெட்டுப்பட்ட காற்றுதான் அலறுகிறது. வேகம் ஏறினால் குரல் ஏறும், குறைந்தால் இறங்கும். தொல்லை எங்கே என்றால், மோட்டாரை நிறுத்தினாலும் சக்கரம் நிற்காது. கனத்த வார்ப்பிரும்பு. கரண்டே இல்லாமல் அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டு நிமிஷக் கணக்கில் ஊளையிடும்.

அதற்குத்தான் பிரேக். சக்கரத்தின் அச்சு பின்பக்கம் நீண்டு வரும் இடத்தில் ஒரு சின்னத் தட்டு. தட்டின் ஓரமாக ஒரு லீவர், லீவரின் நுனியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பிரேக் பேட். சைரனுக்குக் கால் சுவிட்ச், கிளட்சுக்குப் பக்கத்தில் இருக்கும். பிரேக்குக்கு டாஷ்போர்டில் ஒரு சிவப்பு பட்டன். அதை அமுக்கினால் ஒரு காந்தச் சுருள் லீவரை 'டக்' என்று இழுக்கும். பேட் தட்டின்மேல் அழுந்தி உரசும், குரல் மளமளவென்று இறங்கி அடங்கும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் பேட்டை விலக்கிவிடும். சைக்கிள் பிரேக் செய்யும் வேலைதான், இதில் சிரிக்க ஒன்றுமில்லை. உரசினால் நிற்கும். உரச வேண்டுமானால் தட்டும் பேட்டும் காய்ந்திருக்க வேண்டும்.

காலால் மிதித்து, கட்டைவிரலால் அடக்கி, மறுபடி மிதித்து, குரலை ஏற்றி இறக்கி லாரிக்காரர்களை மிரட்டுவது ஒரு உபயோகம். ஆனால் அந்த பிரேக் இருப்பது அதற்காக இல்லை. போய்ச் சேர்ந்ததும் சத்தத்தைக் கொல்வதற்காக. தீ எங்கே என்பது கண்ணுக்குத் தெரியும். புகைக்குள் ஆள் எங்கே என்பதைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இனி அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வண்டியில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு முன்னால் போகிறவன் அவன். நான் கல்மண்டபம், அவன் எண்ணூர்ப் பக்கம் ஒரு மீனவக் குப்பம். வயதில் இரண்டு பேரும் சமம், கோபத்திலும் சமம். அவித்த முட்டைக்காகக் கேன்டீனில் கட்டிப் புரண்டிருக்கிறோம். அவன் ஒன்று போட்டால் நான் இரண்டு போடுவேன், பிறகு ஒரே தட்டில் சாப்பிடுவோம். எங்களை விலக்கிவிட வருகிறவர்கள்தான் அடிபட்டுப் போவார்கள்.

கடலில் பிழைக்கிற வீட்டுப் பிள்ளை என்பதால் அவனுக்கு ஒரு பழக்கம். இரும்பைக் கண்டால் கிரீஸ் பூசுவான். வாடைக் காற்று திரும்புகிற சமயத்தில் அவர்கள் கரையில் எல்லாருமே அதைத்தான் செய்வார்கள். போட் எஞ்சினின் போல்ட்டு, நங்கூரச் சங்கிலி, கதவுக் கீல் என்று பூசாமல் விட்ட எந்த இரும்பும் மறு பருவத்துக்கு இருக்காது. "உப்புக் காத்து துன்னுட்டு பூடும் மாமு" என்பான். வண்டியிலும் ஏணி, வால்வு, கொக்கி என எல்லாவற்றுக்கும் பூசி வைத்திருந்தான். அது எங்களுக்கு நல்லதாகவே இருந்தது.

நான் சொல்ல வந்த நாளன்று காலை அவன் சைரனின் பின்மூடியைக் கழற்றியிருக்கிறான். அச்சு, லீவர், ஸ்பிரிங், தட்டு, பேட் என்று ஒன்று விடாமல் கிரீஸ் பூசி மூடிவிட்டான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை ஒளித்து வைத்துக் கதை விடுகிற ஆள் நான் இல்லை. அன்று எனக்கு இது தெரியாது. காலைச் சோதனையில் சைரனை ஒரு உறுமலோடு விட்டுவிடுவோம், முழுக்க ஓட்டினால் தலை வலிக்கிறது என்று மாடி ஆபீசில் முகம் சுளிப்பார்கள். உறுமலுக்கு பிரேக் தேவையில்லை.

மதியம் தகவல் வந்தது. பக்கத்துப் பக்கத்துக் குப்பங்கள் இரண்டுக்குள் வலைச் சண்டை. ஒரு குப்பம் சுருக்கு வலை போட்டுப் பொடிமீன் வரைக்கும் வாரிக்கொண்டு போகிறது, இன்னொரு குப்பம் வெறுங்கையோடு திரும்புகிறது. காலையில் கடலுக்குள்ளேயே ஒரு போட்டை இன்னொரு போட்டால் இடித்திருக்கிறார்கள். மதியத்துக்குள் கரையில் தீ வைத்துவிட்டார்கள். அரசாங்க வண்டிகள் வேறு பக்கம் போயிருந்ததால், கிட்டத்தில் இருக்கிற வண்டி என்று எங்களைக் கூப்பிட்டார்கள். எரிகிறது அவனுடைய குப்பம்.

நான் ஸ்டியரிங்கில், அவன் பக்கத்து சீட்டில், பின்னால் இரண்டு பேர். கேட்டைத் தாண்டும்போதே அவனுக்குப் போன் வந்தது, அவன் அண்ணி. ஸ்பீக்கரில் போட்டான். சைரன் ஏறுவதற்கு முன்னால் நானும் கேட்டேன்.

"உங்க அண்ணன் கொட்டாய்க்குள்ள மாட்டிகினாருடா. வலைய எடுக்கறேன்னு உள்ள பூந்தாரு. கதவாண்ட நெருப்புடா!"

"எந்தக் கொட்டாய் அண்ணி? பழசா, புதுசா?"

போன் அறுந்துவிட்டது. திரும்பத் திரும்பப் போட்டான். எடுக்கவில்லை. அவர்கள் வீட்டுக்கு வலைக்கொட்டகை இரண்டு. பக்கத்துப் பக்கத்தில், இரண்டுக்கும் தகரச் சுவர். இவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, வேலையில் சேர்த்து, கல்யாணம் பண்ணி வைத்ததெல்லாம் அந்த அண்ணன்தான். பெற்ற அப்பனை இவன் முகம் பார்த்ததில்லை.

"மெறி மாமு, மெறி" என்றான். மிதித்தேன். சாலை முழுக்கக் கன்டெய்னர் லாரிகள் வால் பிடித்து நின்றன. காலை சுவிட்சிலிருந்து எடுக்கவேயில்லை. குரலை உச்சத்திலேயே வைத்து, ஓரத்து மண்ணில் இறக்கி, இரண்டு கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு ஓட்டினேன். லாரி டிரைவர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்கள்.

குப்பத்து முனையில் போலீஸ்காரர்கள் கொஞ்சம் பேர் கூடுதல் ஆட்களுக்காகக் காத்து நின்றார்கள். எங்களைக் கையசைத்து உள்ளே விட்டார்கள். உள்ளே திரும்பியதும் முதல் கல் முன்கண்ணாடியை நொறுக்கியது. இரண்டாவது கல் என் தோளில் விழுந்தது. கரையோரம் ஃபைபர் போட்டுகள் வரிசையாக எரிந்து கரும்புகையைக் கக்கின. நைலான் வலை உருகி நெருப்புச் சொட்டாக விழுந்தது. ஒருவன் துடுப்பை இரண்டு கையாலும் ஓங்கி இன்னொருவன் மண்டையில் இறக்கினான். அடிபட்டவன் மணலில் உட்கார்ந்து, தன் ரத்தத்தை உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தான். சட்டையில் தீப்பிடித்த ஒருவன் கடலைப் பார்த்து ஓடினான், அவனையும் துரத்திப் போய் இரும்புக் கம்பியால் அடித்தார்கள். மீன் வெட்டுகிற கத்தியோடு ஒரு கிழவர் யாரை வெட்டுவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தார். எல்லாரும் ஒருவருக்கொருவர் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள்.

கொட்டகைகளுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். சைரன் சுவிட்சிலிருந்து காலை எடுத்தேன். கட்டைவிரலால் சிவப்பு பட்டனை அமுக்கினேன். 'டக்' என்று லீவர் விழுந்தது. குரல் இறங்கவில்லை.

மறுபடி அமுக்கினேன். டக். வழுக்கிக்கொண்டு ஓடியது. அதற்குள் பக்கத்து சீட்டிலிருந்து அவன் குதித்துவிட்டான். நான் பட்டனை உள்ளங்கையால் குத்தினேன். சைரன் எங்கள் முன்னால் நின்றுகொண்டு அதே குரலில் அலறியது.

அவன் அண்ணி தலைமுடி பொசுங்கிய கோலத்தில் வண்டியை நோக்கி ஓடி வந்தாள். வாய் திறந்து மூடியது, கழுத்து நரம்பு புடைத்தது. கை கொட்டகைப் பக்கம் நீண்டது. எந்தக் கொட்டகை என்பது அவள் வாயில் இருந்தது, அது எங்கள் காதுக்கு வரவில்லை. அவன் அவள் வாயருகே காதைக் கொண்டுபோவதற்குள் கூட்டம் ஒன்று நடுவில் புகுந்து அவளைத் தள்ளிக்கொண்டு போனது. அவன் குழாயைத் தூக்கிக்கொண்டு பழைய கொட்டகைக்குள் பாய்ந்தான். அங்கேதான் கதவு முழுக்க எரிந்துகொண்டிருந்தது, புதியதன் கதவு கரும்புகைக்குள் மறைந்திருந்தது. பின்னால் இருந்த இரண்டு பேரும் தண்ணீரைத் திறந்துவிட்டு அவன் பின்னால் ஓடினார்கள்.

கலவரத்தின் சத்தம் பெரிது என்பார்கள். பெரிதுதான், ஆனால் அடிக்கிறவனும் நடுவில் மூச்சு வாங்குவான். அந்த இடைவெளியில் ஒரு குரல் கேட்டுவிடும். சைரனுக்கு மூச்சு வாங்கத் தெரியாது.

வயரை அறுத்துப் பயனில்லை, மோட்டார் ஏற்கெனவே நின்றாகிவிட்டது. குதித்து முன்னால் ஓடினேன். சைரன் வாயிலிருந்த கம்பிவலை துருப்பிடித்து உதிர்ந்து வெகுநாள் ஆகியிருந்தது. குழாயின்மேல் போர்த்தி வைக்கும் ஈரக் கோணியை உருவி அந்த வாயில் திணித்தேன். காற்றை அடைத்தால் குரல் செத்துவிடும் என்பது மட்டும்தான் மனத்தில் இருந்தது. சக்கரம் கோணியை வெறியோடு உள்ளே இழுத்தது. கோணியோடு என் வலது கையையும் இழுத்தது. விரல்களில் முதலில் சூடு, பிறகு வலி. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தினேன். கோணி சிக்கி, சக்கரம் கர்ரென்று திணறி நின்றது. கிழிந்த கையை வெளியே உருவினேன்.

அப்போதுதான் கேட்டது. தகரத்தைத் தட்டும் சத்தம். பழைய கொட்டகையில் இல்லை. புதிய கொட்டகையின் பின்சுவரில். ஒரு தட்டு, நீண்ட நேரம் ஒன்றுமில்லை, பிறகு இன்னொன்று.

"அங்க இல்லடா! புதுசுடா! பின்னாலடா!" என்று கத்தினேன். அவன் புகையிலிருந்து வெளியே வந்தான், புருவம் இல்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் பின்பக்கம் ஓடினோம். அவன் தகரத்தைக் கிழிக்கும்போது எதிர்க் குப்பத்தான் ஒருவன் துடுப்பால் அவன் முதுகில் அடித்தான். அவன் திரும்பவே இல்லை, கிழித்துக்கொண்டே இருந்தான். இரண்டாம் அடிக்குத் துடுப்பை ஓங்கியவனின் அடிவயிற்றில் நான் உதைத்தேன். விழுந்த பிறகும் உதைத்தேன். அவன் அழுதுகொண்டு ஊர்ந்து போனான். அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை.

அண்ணனை வெளியே இழுத்தோம். உடம்பில் தீ அதிகம் படவில்லை. முகமெல்லாம் கரி, மூக்கிலும் வாயிலும் கரி. தட்டித் தட்டி விரல் முட்டிகளில் தோலே இல்லை. உயிர் இருந்தது. தம்பியைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார், பேச்சு வரவில்லை. மீன் வேனில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அவனும் ஏறிக்கொண்டான்.

நான் கைக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு சைரனின் பின்மூடியை இடது கையால் திருகினேன். பிரேக் பிடித்திருந்தால் அண்ணி சொன்னது கேட்டிருக்கும், நேரே அந்தச் சுவருக்குப் போயிருப்போம். ஏன் பிடிக்கவில்லை என்று தெரியாமல் எனக்கு அங்கிருந்து நகர முடியவில்லை. மூடி திறந்தது. தட்டின்மேல் கொழகொழவென்று கிரீஸ். பேட்டின் ஓரத்தில் அவன் விரல் இழுத்த தடம் அப்படியே இருந்தது. இரும்பை இரும்பாக விடத் தெரியாத நாயே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அந்த நிமிஷம் அவன் எதிரில் இருந்திருந்தால் கடப்பாரையாலேயே அடித்திருப்பேன். பிறகு டீசலில் துணியை நனைத்து எல்லாவற்றையும் துடைத்தேன். பின்னால் இருந்த இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் அண்ணன் இறந்துவிட்டார். புகை நெஞ்சை அடைத்துவிட்டதாம். இன்னும் கொஞ்சம் முன்னால் வெளியே எடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ யாரிடமோ சொன்னார்கள். அது அவன் காதிலும் விழுந்தது, என் காதிலும் விழுந்தது. அவன் எழுந்து வந்து என் வாயில் குத்தினான். பல் ஒன்று போயிற்று. காதோடு சேர்த்து ஒன்று, விலாவில் ஒன்று.

"சத்தத்தை நிறுத்தியிருக்கணும்டா நீ! நிறுத்தியிருக்கணும்டா!"

நான் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றேன். வாட்ச்மேன்கள் வந்து அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

கிடங்கில் விசாரணை வைத்தார்கள். சைரனை ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டார்கள். பதற்றத்தில் பிரேக் பட்டனை அமுக்க மறந்துவிட்டேன் என்று சொன்னேன். என்னை வண்டியிலிருந்து எடுத்து பம்ப் ரூமில் போட்டார்கள். நல்லவன் என்பதற்காக அப்படிச் சொல்லவில்லை. அவன்மேல் எனக்கு வயிறு எரிந்தது. வாயில் பல் இருந்த குழியை நாக்கால் தொடும்போதெல்லாம் உண்மையைக் கிடங்கு முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் அப்பன் இடத்தில் இருந்த ஆளுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்தவனிடம், உன் கைதான் அவரைக் கொன்றது என்று எந்த வாயால் சொல்வது? எனக்கு அந்த வாய் இல்லை.

காரியம் எல்லாம் முடிந்து அவன் வேலைக்கு வந்தான். மொட்டைத் தலை, மீசை இல்லை. நேராக பம்ப் ரூமுக்கு வந்து கதவைச் சாத்தினான். இன்னும் அடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து எழுந்து நின்றேன்.

"ஆபீசுல இன்னா சொன்ன மாமு?"

"பட்டனை அமுக்க மறந்துட்டேன்னு சொன்னேன்."

"நீ அமுக்குன. நான் பக்கத்துலதான குந்திகினு இருந்தேன்? உன் வெரலைப் பார்த்தேன். டக்குனு வுழுந்துச்சு. புடிக்கல." தன் வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "காலைல தடவுனது இந்தக் கை. கீழ குதிக்கும்போதே தெரியும் எனக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தெரிஞ்சுமா ஆஸ்பத்திரில என்னைப் போட்டு அந்த அடி அடிச்ச? பல்லு போச்சேடா, பாவி!"

"நீ திருப்பி அடிப்பேன்னுதான் அடிச்சேன். எப்பவும் அடிப்பியே. ஒண்ணு போட்டா ரெண்டு போடுவியே. அன்னிக்கு மட்டும் செவுத்துல சாஞ்சிகினு சும்மா நின்ன. அப்பவே தெரிஞ்சிகினேன், நீ மூடியத் தொறந்து பார்த்துட்டேன்னு."

பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கை எட்டி அதை நிறுத்தினான்.

"எங்கண்ணி கூப்ட்டு கூப்ட்டு சோறு போடுது. வூட்டாண்ட வர்ற சனமெல்லாம் தலையத் தடவிட்டுப் போது. பாவம், அண்ணனைக் காப்பாத்த நெருப்புல பூந்தான்னு சொல்லுதுங்க. எனக்கு சோறு எறங்கல மாமு. தெரிஞ்சவன் நீ ஒருத்தன். நீயும் பொய்ய சொல்லிட்டு இங்க வந்து குந்திகினா, என்னை யாரு அடிப்பா?"

"போடா."

"அடி மாமு."

"போடான்னு சொல்றேன்ல."

"அடிடா!" என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினான். அவன் கண்ணில் தண்ணீர் இல்லை. இத்தனை நாளும் எரிச்சல் வந்தால் யோசிக்காமல் கை நீட்டியவன் நான். கேட்டு வாங்குகிறவனை அடிப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அவன் விடவில்லை. நெஞ்சில் தள்ளினான், மறுபடி தள்ளினான், என் முதுகு குழாயில் மோதியது. அந்தத் தகரத் தட்டல் என் தலைக்குள் ஒருமுறை கேட்டது.

அடித்தேன். தையல் பிரிக்காத கையாலேயே, முழுக் கையையும் வீசி, கன்னத்தில் அடித்தேன். அவன் தலை ஒரு பக்கம் போய்த் திரும்பி நேரே வந்தது. உதடு கிழிந்திருந்தது. என் கைக் கட்டில் சிவப்பு ஊறியது. நான் கையை உதறிக்கொண்டே பின்வாங்கினேன்.

"இன்னொண்ணு" என்றான்.

இன்னொன்றும் அடித்தேன்.